மணல் திட்டில் நிற்பவருக்கு நம் பதில் என்ன?

தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடல் ஆழம் குறைந்து, மணல் திட்டுகள் வரிசையாகத் தலைகாட்டும். இலங்கையிலிருந்து இரவில் ஆட்களை ஏற்றிவரும் படகுக்காரர்கள் கரை வரை வருவதில்லை. வந்தால் படகு பறிபோகும். இந்திய எல்லைக்குள் கிடைக்கிற முதல் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். குழந்தைகளும் துணி மூட்டைகளுமாக அவர்கள் அங்கே நிற்க வேண்டும். நிழல் கிடையாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது. மீன்பிடிக்கப் போகிறவர் யாராவது பார்த்துத் தகவல் சொன்னால் கடலோரக் காவல் படையின் ஹோவர்கிராஃப்ட் வரும். பிறகு மண்டபம், கடலோரப் பாதுகாப்புக் குழுமம், தமிழ்நாடு காவல்துறையின் கியூ பிரிவு, மத்திய உளவுத் துறை என்று விசாரணை நீளும்.

2022 மார்ச் 22 அன்று அப்படி 16 பேர் வந்து சேர்ந்தார்கள். இலங்கையின் பொருளாதாரம் சரிந்து, பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் நாள் முழுக்க வரிசையில் நின்ற காலம் அது. வந்தவர்கள்மீது கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்ததாக வழக்குப் பதிவானது. சிலர் புழல் சிறை வரை போய்விட்டுத்தான் மண்டபம் முகாமுக்கு வந்தார்கள். அடுத்தடுத்து வந்தவர்களையும் சேர்த்தால் 300 பேரைத் தாண்டும். தங்க இடமும் சாப்பாடும் தமிழ்நாடு அரசு கொடுத்தது. ஆனால், அகதி என்ற பதிவு கிடைக்கவில்லை. அவர்களை என்னவென்று பதிவு செய்வது என்பதை டெல்லிதான் சொல்ல வேண்டும், டெல்லி சொல்லவில்லை.

திட்டில் நிற்கிற அந்த மனிதர் யார் என்ற கேள்விக்கு இந்தியச் சட்டத்தில் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது: பயணப் பத்திரம் இல்லாத வெளிநாட்டவர். உயிருக்குப் பயந்து ஓடிவந்தவருக்கும், விசா முடிந்த பிறகும் ஊர்சுற்றுபவருக்கும், கடத்தல்காரருக்கும் அந்த ஒரே பதில்தான். நமக்கு அகதிக் கொள்கை கிடையாது என்று பொதுவாகச் சொல்வார்கள். என் கருத்து வேறு. கொள்கை இருக்கிறது. முடிவெடுக்காமல் இருப்பதுதான் அந்தக் கொள்கை. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதை நாம் கடைப்பிடித்ததில், முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே கல்யாணம் செய்து, முகாமிலேயே பேரன் பேத்தி எடுத்த ஒரு தலைமுறை உருவாகிவிட்டது.

இதை மாற்ற அண்மையில் ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. 1920-ன் கடவுச்சீட்டுச் சட்டம், 1939-ன் வெளிநாட்டவர் பதிவுச் சட்டம், 1946-ன் வெளிநாட்டவர் சட்டம் ஆகிய மூன்று பிரிட்டிஷ் காலச் சட்டங்களையும், 2000-ம் ஆண்டின் ஒரு சட்டத்தையும் நீக்கிவிட்டு, ‘குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025’ நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. செல்லத்தக்க கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் நுழைந்தால் 5 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தான் வெளிநாட்டவர் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு சம்பந்தப்பட்டவருடையது. அடைக்கலம் கேட்டு வருகிறவரைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவுகூட இல்லை. காலனியக் காலத்துச் சட்டங்களைத் தூக்கியெறிகிறோம் என்று பெருமையோடு சொன்னவர்கள், 1946-ல் வெள்ளைக்காரன் விட்டுப்போன அதே ஓட்டையை அப்படியே வைத்திருக்கிறார்கள்.

சட்டம் நடைமுறைக்கு வந்த கையோடு விலக்கு ஆணை ஒன்றும் வெளியானது. 2015 ஜனவரி 9 வரை வந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள்மீது கடவுச்சீட்டு இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை இருக்காது என்றது அந்த ஆணை. மைத்திரிபால சிறிசேன இலங்கை அதிபராகப் பொறுப்பேற்ற நாள் அது. இந்த ஆணையை நான் மனதார வரவேற்கிறேன். எத்தனையோ குடும்பங்களின் தலைக்கு மேல் இருந்த சிறைப் பயம் இதனால் விலகியது. ஆனால், தண்டனை இல்லை என்பது உரிமை உண்டு என்றாகிவிடாது. அந்த ஆணை யாரையும் குடிமகன் ஆக்கவில்லை. 2022-ல் மணல் திட்டில் இறங்கியவர்கள் அந்தத் தேதிக்கு வெளியே நிற்கிறார்கள். ஓர் அரசாணை தந்ததை இன்னோர் அரசாணை எடுத்துக்கொள்ளவும் முடியும்.

இப்படித்தான் சுற்றறிக்கைகளாலும் ஆணைகளாலும் இந்த நாடு அகதிகளை நடத்திவருகிறது. 1959-ல் தலாய் லாமாவோடும் அவருக்குப் பின்னாலும் வந்த திபெத்தியர்களுக்கு மைசூர் மாநிலம் பைலகுப்பேயில் 3,000 ஏக்கர் நிலம் கொடுத்தது. பள்ளிகள், மடாலயங்கள், பதிவுச் சான்றிதழ், வெளிநாடு செல்ல அடையாளப் பத்திரம் எல்லாம் வந்தன. அது இந்தியா தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளக்கூடிய செயல். காப்டாய் அணை தங்கள் நிலத்தை மூழ்கடித்த பிறகு, 1964 முதல் சிட்டகாங் மலைப்பகுதியிலிருந்து வந்த சக்மா மக்களை அரசே இன்றைய அருணாசலப் பிரதேசத்தில் குடியமர்த்தியது. அவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் நடைமுறையை முடிக்கச் சொல்லி 2015-ல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்ட பிறகும் பெரும்பாலோருக்கு அது எட்டாமலே இருக்கிறது. ஆப்கானியர்களுக்கும் மியான்மர்காரர்களுக்கும் டெல்லியில் ஐ.நா. அகதிகள் ஆணையம் அட்டை கொடுக்கிறது. அந்த அட்டையை மதிப்பதும் மதிக்காததும் எதிரில் நிற்கும் காவலரைப் பொறுத்தது. 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்த ஆறு மதத்தவருக்குக் கதவு திறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை, மியான்மரும் இல்லை, முஸ்லிம்களும் இல்லை. எந்த நாட்டிலிருந்து வந்தார், எந்தச் சாமியைக் கும்பிடுகிறார், அந்த ஆண்டு டெல்லிக்கும் அந்த நாட்டுக்கும் உறவு எப்படி என்பவற்றை வைத்தே ஒருவருடைய தலைவிதி தீர்மானமாகிறது. திருப்பி அனுப்பினால் அவருக்கு என்ன நேரும் என்று கேட்பதற்கு ஒரு மேசையும் ஓர் அதிகாரியும் இந்த நாட்டில் இல்லை.

மிசோரமில் நடந்ததைத் தமிழர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். 2021 பிப்ரவரி 1-ல் மியான்மர் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும், தியாவ் ஆற்றைக் கடந்து சின் மக்கள் மிசோரமுக்குள் வந்தார்கள். மார்ச் 10 அன்று மத்திய உள்துறை வடகிழக்கு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது: அகதி அந்தஸ்து தர மாநிலங்களுக்கு அதிகாரமில்லை, ஊடுருவலைத் தடுத்து நிறுத்துங்கள். மணிப்பூரில், வருகிறவர்களுக்கு உணவும் தங்குமிடமும் கொடுக்க முகாம் திறக்க வேண்டாம் என்று ஒரு சுற்றறிக்கை போய், கண்டனம் எழுந்ததும் சில நாட்களில் அது திரும்பப் பெறப்பட்டது. அன்றைய மிசோரம் முதல்வர் ஸோரம்தங்காவோ பிரதமருக்கே எழுதினார்: வருகிறவர்கள் எங்கள் ரத்த உறவுகள், அவர்கள் துன்பத்தைப் பார்த்துக்கொண்டு எங்களால் சும்மா இருக்க முடியாது என்பது அந்தக் கடிதத்தின் சாரம். தேவாலயங்களும் இளைஞர் சங்கங்களும் அரிசி திரட்டின. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அந்தச் சின்ன மாநிலம் இடம் கொடுத்தது. தமிழ்நாட்டைவிடப் பல மடங்கு சிறிய, வருவாய்க்கு மத்திய அரசையே நம்பியிருக்கிற மாநிலம் அது. அந்த மக்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அதே வேளையில் யோசித்துப் பாருங்கள்: அதே சின் குடும்பம் வேறு ஓரிடத்தில் எல்லை கடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எந்த இடத்தில் ஆற்றைக் கடந்தோம் என்பது உயிரோடு இருப்பதையும் திருப்பி அனுப்பப்படுவதையும் தீர்மானிக்குமானால், அந்த நாட்டில் அடைக்கலம் என்பது அதிர்ஷ்டம்.

ரோஹிங்கியாக்களுக்கு அந்த அதிர்ஷ்டம்கூட இல்லை. 2018 அக்டோபரில் அசாமிலிருந்து ஏழு பேர் மியான்மரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். எங்கிருந்து உயிர்தப்பி ஓடினார்களோ அந்த அரசிடமே. 2025 மே மாதத்தில், சுமார் நாற்பது பேர் அந்தமான் கடலில் உயிர்காப்பு உடையோடு இறக்கிவிடப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் விசாரணை தொடங்கினார். ஆதாரம் எங்கே என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. உண்மை எதுவாகவும் இருக்கட்டும். இப்படி ஒரு குற்றச்சாட்டு எழும்போது, இன்னாரை இன்ன நாளில் இன்ன விசாரணைக்குப் பிறகு இன்ன காரணத்துக்காக வெளியேற்றினோம் என்று எடுத்துக்காட்ட ஒரு கோப்பு இருக்க வேண்டாமா? கோப்பு இருக்க வேண்டுமானால் விசாரணை இருக்க வேண்டும்; விசாரணை இருக்க வேண்டுமானால் சட்டம் வேண்டும்.

1951-ன் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடாததற்குச் சொல்லப்படும் காரணங்களை நான் அலட்சியப்படுத்தவில்லை. முதலில் அது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஐரோப்பாவை மனதில் வைத்து எழுதப்பட்டது. 1967-ன் நெறிமுறைதான் காலம், இடம் என்ற வரம்புகளை நீக்கியது. 1971-ல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தபோது, அந்தச் சுமையின் பெரும்பகுதியை இந்தியா தனியாகத்தான் தாங்கியது. கையெழுத்திட்ட நாடுகளின் யோக்கியதையையும் பார்க்கிறோம். ஆஸ்திரேலியா படகில் வந்தவர்களை நவ்ரு தீவில் அடைத்தது. அமெரிக்கா 2025 ஜனவரியில் தன் தெற்கு எல்லையில் அடைக்கலக் கோரிக்கைகளுக்கே கதவடைத்தது. பிரிட்டன், வந்தவர்களை ருவாண்டாவுக்கு ஏற்றியனுப்பத் திட்டம் போட்டது. ஆனால், பிரிட்டனில் அந்தத் திட்டம் என்னவாயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2023 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. நீதிபதிகள் பிடித்துக்கொள்ள அங்கே ஒரு சட்டம் இருந்தது.

நம் நீதிபதிகளுக்கு அரசமைப்புச் சட்டத்தின் 14, 21 ஆகிய கூறுகளை விட்டால் கைக்கு எதுவும் அகப்படுவதில்லை. அவை குடிமக்களுக்கு மட்டுமல்ல, இந்த மண்ணில் நிற்கிற எந்த மனிதருக்கும் உரியவை. 1996-ல் சக்மா மக்களின் உயிரைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 21-வது கூறை வைத்துத்தான் சொன்னது. 2021 மே மாதம் மணிப்பூர் உயர் நீதிமன்றம், மியான்மரிலிருந்து வந்த ஏழு பேர் டெல்லிக்குச் சென்று ஐ.நா. ஆணையத்தை அணுகப் பாதுகாப்பாக வழிவிடச் சொன்னது. ஆபத்துக்குத் திருப்பி அனுப்பாமை 21-வது கூறுக்குள்ளேயே அடங்கும் என்றது. ஆனால், அதற்கு ஒரு மாதத்துக்கு முன்புதான், ஏப்ரல் 8 அன்று, ரோஹிங்கியாக்கள் தொடர்பான வழக்கில், வெளியேற்றப்படாமல் இருக்கும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமே உரிய 19-வது கூறோடு சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. 2025 மே மாதத்தில், தண்டனைக் காலம் முடிந்த ஓர் இலங்கைத் தமிழர் தன்னைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று கேட்டபோது, 140 கோடிப் பேர் இருக்கும் இந்த நாடு உலகெங்கிலுமிருந்து வருகிறவர்களைத் தங்கவைக்கும் தர்மசாலை அல்ல என்று உச்ச நீதிமன்ற அமர்வு வாய்மொழியாகச் சொன்னது. அந்தச் சொல் தமிழ்நாட்டில் பலரைப் புண்படுத்தியது. என் வருத்தம் நீதிபதிகள்மீது அல்ல. ஒரே அரசமைப்பிலிருந்து இப்படி எதிரெதிரான விடைகள் வரும்படி விட்டுவைத்திருக்கிற நாடாளுமன்றத்தின்மீது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1983 ஜூலை வன்முறைக்குப் பிறகு நான்கு அலைகளாக 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஈழத் தமிழர்கள் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். பலர் திரும்பினார்கள், பலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேரும், வெளியே காவல் நிலையப் பதிவோடு சுமார் 34,000 பேரும் இருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி, புழல், கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை, பவானிசாகர், ஆனையூர் என்று நம் ஊர்களை ஒட்டியே அந்த முகாம்கள் இருக்கின்றன. பத்துக்குப் பத்து அறை, இரண்டு குடும்பத்துக்கு நடுவே ஒரு சேலைத் தடுப்பு என்று முப்பது ஆண்டுகள் ஓடின. ஆண்களில் பெரும்பாலோர் பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறார்கள். பட்டம் வாங்கிய பையனும் அதே வாளியைத் தூக்கிக்கொண்டுதான் போகிறான், ஏனென்றால் அரசு வேலைக்கு அவன் விண்ணப்பிக்க முடியாது, கடவுச்சீட்டு கிடைக்காது, சொந்தமாக ஒரு சென்ட் நிலம் வாங்க முடியாது. ஆள் கணக்கெடுக்கும் நாளில் குடும்பத்தில் எல்லோரும் நேரில் நிற்க வேண்டும். வெளியூரில் சாரத்தில் ஏறி நிற்பவர் கிடைத்த பேருந்தைப் பிடித்து ஓடிவர வேண்டும்; வராவிட்டால் பதிவு வெட்டப்படும். 2016-ல் மதுரை மாவட்டத்தில் அப்படி ஒரு கணக்கெடுப்பின்போது அதிகாரியோடு எழுந்த தகராறில் ஒரு தந்தை உயிரையே மாய்த்துக்கொண்டார். அந்தச் செய்தி வந்த நாளை என்னால் மறக்க முடியவில்லை.

தமிழ்நாடு அரசு செய்தவற்றைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டு, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டும் வேலை தொடங்கியது. குடும்பத் தலைவருக்கு மாத உதவி 1,500 ரூபாயானது. முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறியது. புது வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவை மனிதர் வாழத்தக்க வீடுகள். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்புகள் முகாம் பிள்ளைகளைக் கல்லூரி வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்த்திருக்கின்றன. ஆனாலும் நமக்குள்ளேயே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு, முகாமில் இருந்த அத்தனை பேரையும் சந்தேகக் கண்ணோடு பார்த்தோம். 1992-ல் திருப்பி அனுப்பும் வேலை தொடங்கியபோது, விருப்பத்தோடுதான் போகிறார்களா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அதன் பிறகே ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்குச் சென்னையில் இடம் கிடைத்தது. 1995-க்குள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அனுப்பப்பட்டார்கள். ‘சிறப்பு முகாம்’ என்ற பெயரில் திருச்சி மத்தியச் சிறை வளாகத்துக்குள் ஆட்களை அடைத்துவைப்பதை இரண்டு கழக அரசுகளும் தொடர்ந்தன. மேடையில் தொப்புள்கொடி உறவு என்று பேசிய நாம், அந்த உறவுக்கு ஒரு சட்டப் பிறப்புச் சான்றிதழ் வாங்கித்தரப் போதுமான அளவு போராடவில்லை.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் கசப்பான பகுதி மலையகத் தமிழர்களுடையது. திருச்சி, மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் அழைத்துப்போன அவர்களுடைய முன்னோர், இலங்கைக்குக் கப்பலேறும் முன் அடைத்துவைக்கப்பட்ட தொற்றுத்தடுப்பு முகாம் மண்டபத்தில்தான் இருந்தது. தேயிலைக் காட்டில் உழைத்தவர்களை 1948-ல் இலங்கை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 மனிதர்களைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மனிதர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீதியிருந்த ஒன்றரை லட்சத்தை 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கு முடிவதற்குள் 1983 வந்தது. தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டு வன்னிக்கும், அங்கிருந்து படகில் ராமேஸ்வரத்துக்கும் வந்தவர்களை மறுபடியும் அதே மண்டபம் முகாம் வாங்கிக்கொண்டது. இப்போது முகாம்களில் இருப்பவர்களில் சுமார் 29,500 பேர் இப்படிப்பட்ட இந்திய வம்சாவளியினர். தாத்தாவின் ஊர் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். பேரன் இருக்கும் முகாம் அங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில். அவனுடைய கோப்பில் அவன் ‘சட்டவிரோதக் குடியேறி’. 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் இவர்களில் 65 பேரின் வழக்கில், நாடற்றவர்களாக இத்தனை காலம் வைத்திருப்பதே 21-வது கூறை மீறுவது என்று சொல்லி, புதிதாக வரும் விண்ணப்பங்களை 16 வாரங்களுக்குள் பரிசீலிக்க உத்தரவிட்டார். அதன் பிறகு எத்தனையோ பதினாறு வாரங்கள் போய்விட்டன.

இலங்கையில் போர் முடிந்துவிட்டதே, திரும்பிப் போகலாமே என்று சிலர் கேட்கிறார்கள். போக விரும்புகிறவர்கள் போகட்டும். அந்தப் பயணத்தை எளிதாக்குவது இரு அரசுகளின் கடமை. ஆனால், 2025 மே மாதம் ஐ.நா. ஆணையத்தின் ஏற்பாட்டில் பலாலி விமான நிலையத்தில் போய் இறங்கிய ஒரு முதியவரை, பல ஆண்டுகளுக்கு முன் கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறியதற்காக இலங்கை அதிகாரிகள் கைது செய்தார்கள். குண்டு விழும்போது கடவுச்சீட்டு அலுவலகத்தில் வரிசையில் நிற்க எவராலும் முடியாது. வந்தபோது கடவுச்சீட்டு இல்லை என்று இந்தியா குற்றம் சொல்கிறது. போனபோது கடவுச்சீட்டு இல்லை என்று இலங்கை குற்றம் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் எங்காவது போய்விடலாம் என்று கடலில் இறங்கியவர்களும் உண்டு. 2021 அக்டோபரில் கனடாவை நோக்கிப் போன ஒரு படகு பழுதாகி, பிரிட்டனின் கட்டுப்பாட்டிலுள்ள டியாகோ கார்சியா தீவில் ஒதுங்கியது. அதில் வந்த தமிழர்களில் சிலர் தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்தவர்கள். மூன்று ஆண்டுகள் அந்த ராணுவத் தீவில் கூடாரங்களில் கிடந்த பிறகு, அவர்களை அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று 2024 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. தாய்த் தமிழகம் என்று நாம் அழைக்கும் இடத்திலிருந்து, குழந்தைகளை ஏற்றிக்கொண்டு இந்தியப் பெருங்கடலைக் கடக்க ஒரு தகப்பன் ஏன் துணிந்தான்? பட்டினி அவனைத் துரத்தவில்லை. தன் பிள்ளையும் பதிவேட்டில் ஓர் எண்ணாகவே முடிந்துபோகும் என்ற நினைப்பு துரத்தியது.

அகதிகளுக்கெனச் சட்டம் இயற்றுவது இந்தியாவுக்குப் புதிதல்ல. பிரிவினையில் வந்தவர்களின் மறுவாழ்வுக்கும் இழப்பீட்டுக்கும் 1954-ல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. எல்லைப்புற மாகாணத்திலிருந்து வந்தவர்களுக்காக ஃபரிதாபாத் என்ற தொழில் நகரமே எழுந்தது. நீதிபதி பி.என்.பகவதி தலைமையில் 1997-ல் ஒரு மாதிரிச் சட்டம் உருவானது. சசி தரூர் 2015-லும் 2022-லும் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். எழுதத் தெரியாமல் நாம் எழுதாமல் இருக்கவில்லை. உடன்படிக்கையில் கையெழுத்திடுவதற்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. நம் சட்டத்தை நாமே எழுதிக்கொள்ளலாம். எல்லையில் நிற்பவர் அடைக்கலம் கேட்டால், அவர் சொல்வதைக் கேட்டு, குறித்த காலத்துக்குள், காரணத்தோடு, மேல்முறையீட்டுக்கு உட்பட்டு ஓர் அதிகாரி முடிவு சொல்ல வேண்டும். அந்த முடிவு வரும்வரை அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. ஏற்றுக்கொண்டால் வேலை செய்யவும் படிக்கவும் உரிமை வேண்டும். இத்தனை ஆண்டுகளில் நிலைமை மாறாவிட்டால் அவர் இந்த நாட்டவர் ஆகலாம் என்று ஒரு கடைசித் தேதியும் வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் நான் உயிர்நாடி என்பேன். முடிவு தேதி இல்லாத அடைக்கலம் மூன்றாம் தலைமுறையில் தண்டனையாகிவிடுகிறது.

பாதுகாப்பு என்ற கேள்வி உண்மையான கேள்வி. அதை எழுப்புகிறவர்களைத் தமிழினத் துரோகிகள் என்று ஏசுவதால் அது மறையாது. போர்க்குற்றமும் கொடுங்குற்றமும் செய்தவருக்கு அடைக்கலம் இல்லை என்று 1951-ன் உடன்படிக்கையே சொல்கிறது; நம் சட்டமும் சொல்லட்டும். ஆனால், விசாரணை மேசைக்கு நம்பி வருகிறவரின் பெயர், கைரேகை, ஊர், உறவு எல்லாம் அரசுக்குத் தெரிந்துவிடும். வந்தால் சிறை என்று தெரிந்தவர் ஒளிந்துகொள்வார். ஆள்கடத்துகிறவருக்குக் கப்பம் கட்டுவார். இந்த இரண்டில் எது நாட்டுக்குப் பாதுகாப்பு என்பதைக் காவல்துறை அதிகாரிகளே சொல்லட்டும்.

டெல்லி செய்ய வேண்டியது இந்தச் சட்டத்தை இயற்றுவது. தமிழ்நாடு செய்ய வேண்டியது ஒன்றும் இருக்கிறது, அதற்கு டெல்லியின் அனுமதிகூடத் தேவையில்லை. 1955-ன் குடியுரிமைச் சட்டம் மூன்றாம் பிரிவின்படி, 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் யாராக இருந்தாலும் பிறப்பாலேயே இந்தியர். பெற்றோர் எப்படி வந்தார்கள் என்பது பொருட்டல்ல. இதே விதியின்கீழ்தான் 2010-ல் டெல்லி உயர் நீதிமன்றம் திபெத்தியப் பெற்றோருக்குப் பிறந்தவரை இந்தியர் என்றது. 2014-ல் தேர்தல் ஆணையம் அப்படிப் பிறந்த திபெத்தியர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கச் சொன்னது. 2017-ல் அவர்களுக்குக் கடவுச்சீட்டு வழங்க வெளியுறவு அமைச்சகம் வழிசெய்தது. நம் முகாமில் பிறந்த ஒரு பெண், உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய் வழக்காடிக் கடவுச்சீட்டு பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். 1983-க்கும் 1987-க்கும் இடையே முகாம்களில் பிறந்த மற்றவர்கள் தாங்கள் இந்தியர் என்பதே தெரியாமல் கணக்கெடுப்பு வரிசையில் நிற்கிறார்கள். அவர்களில் ஒரு தாய்க்கு 2003-ல் பிறந்த பிள்ளையும், பெற்றோரில் ஒருவர் குடிமகன் என்ற விதியால், இந்தியர். 2004 டிசம்பர் 3 முதல் விதி இறுகிவிட்டதால், 2006-ல் அதே தாய்க்கும் அகதியான தகப்பனுக்கும் பிறந்த இளைய பிள்ளை இந்தியர் அல்ல. ஒரே வீட்டில் அண்ணனுக்கு நாடு உண்டு, தம்பிக்கு இல்லை. அந்தத் தம்பிக்காக டெல்லியிடம் வாதாட வேண்டும். அம்மாவுக்கும் அண்ணனுக்கும் வாதாடவே வேண்டியதில்லை. அவர்கள் பிறந்த தேதி வருவாய்த் துறையின் முகாம் பதிவேட்டிலும், மண்டபம் முதல் கும்மிடிப்பூண்டி வரையிலான அரசு மருத்துவமனைகளின் பிறப்புப் பதிவிலும் இருக்கிறது. ஒவ்வொரு மாவட்ட ஆட்சியரும் ஒரு வட்டாட்சியரை நியமித்து அந்தப் பதிவேடுகளைப் புரட்டச் சொன்னால், பெயர்கள் வந்துவிடும். பிறப்புச் சான்றிதழை அரசே தேடிக் கொடுத்து, கடவுச்சீட்டு விண்ணப்பத்தையும் வாக்காளர் படிவத்தையும் அரசே நிரப்பிக் கொடுத்து, மறுத்தால் அரசே வழக்குத் தொடுக்கட்டும். இந்த வேலையை முதல்வர் நாளைக் காலையில் தொடங்கலாம்.